நாற்பத்தோராவது சொல்

மார்ச் 4

அக்கா,

நலம் விசாரிக்கும் பத்தியைத் தாண்டிவிடுகிறேன். நான் நலம். நீ நலமில்லை, போன கடிதத்தில் மூன்று இடத்தில் இருமி எழுத்து கோணியிருக்கிறது. லாண்டரி நீராவியில் இன்னும் ஒரு வருடம் நின்றால் நுரையீரல் தாங்காது என்று ஹோட்டல் டாக்டர் உன்னிடம்தானே சொன்னார்? அதே ஹோட்டலின் நீச்சல்குளத்துப் பக்கம் முதலுதவி அறையில் இடம் காலியாக இருக்கும்போது நீ அடித்தளத்தில் கிடக்க வேண்டியதில்லை.

அந்த வேலைக்கு வாய்மொழித் தேர்வு ஏப்ரல் பத்து. இங்கிலீஷில். அந்த அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வெயிலில் வெந்த விருந்தினர்கள். 'கடை மருந்து வேண்டாம், இயற்கையாக ஏதாவது சொல்லுங்கள்' என்பார்கள். எனவே நாற்பது சொல் அனுப்பியிருக்கிறேன். சன்பர்ன், பிளிஸ்டர், டெண்டர், ஸ்டிங்கிங், சூதிங், இட்சிங். வைத்தியத்துக்கு ஆலோ வெரா, கியூகம்பர், யோகர்ட், ஓட்மீல், கோல்ட் டீ. எந்த இடம் என்று சொல்ல தோள், கழுத்து, மூக்கு, தாடைக்குக் கீழே. 'ஷேவ் செய்யும்போது எரிகிறது', 'நாலாம் நாள் எரிச்சல் போய் அரிப்பு வருகிறது' என்று வாக்கியங்களும் உண்டு. ஒரு நாளைக்கு நான்கு சொல். பத்து நாளில் முடிந்துவிடும். அழாமல் படி.

இங்கே சோலார் நிலையத்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. சோலார் பேனல்கள் வெளியே, நான் உள்ளே, ஏசி அறையில் மீட்டர் முன்னால். போன் டவர் இல்லாததுதான் ஒரே குறை. தண்ணீர் வண்டி வெள்ளிக்கிழமை கிளம்பும், அதில்தான் தபால்.

தம்பி


மார்ச் 14

அன்புள்ள மிளகாய்க்கு,

உன் கடிதம் வந்தது. காரம் குறையவே இல்லை.

நாற்பதையும் மனப்பாடம் செய்தேன். காலையில் இருந்தன, மத்தியானம் டவல் மடிக்கும்போது காணோம். டெண்டர் என்றால் தொட்டால் வலிக்கும், ஸ்டிங்கிங் என்றால் சுரீர் என்று இருக்கும் என்று எழுதியிருக்கிறாய். எட்டு வருடமாக ஜன்னல் இல்லாத அறையில் நிற்கிறவளுக்கு வெயில் பட்ட வலியில் இத்தனை தினுசு இருப்பது எப்படித் தெரியும்?

சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, "ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்திப் பாருக்கா, அப்பத்தான் எது வேலை செய்யுதுன்னு தெரியும்" என்பாயே, அதைச் செய்தேன். லீவு நாளில் மொட்டைமாடியில் இடது கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நன்றாகச் சிவந்ததும் பேனாவால் ஆறு கட்டம் போட்டேன். ஐந்தில் உன் ஐந்து வைத்தியம். ஆறாவதில் ஒன்றும் தடவவில்லை. சும்மா விட்டால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டாமா? தினமும் தொட்டுப் பார்த்து, அந்தந்தக் கட்டத்துக்குரிய சொல்லை எழுதி வைக்கிறேன். இப்போது மறக்க மாட்டேன் என்கிறது.

லாண்டரி அண்ணன் பார்த்துவிட்டு, "என்னம்மா, கையிலேயே குறுக்கெழுத்துப் போட்டியா?" என்றார். "ஆமாண்ணே, விடை வந்ததும் சொல்றேன்" என்றேன்.

திட்டாதே. திட்டினால் வலது கையும் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 21

அக்கா,

உனக்கு மூளை இருக்கிறதா? படி என்றால் படிக்க வேண்டும். கையைச் சுட்டுக்கொள்ளச் சொன்னேனா? கொப்புளம் வந்திருந்தால் உடைக்காதே. ஐஸ் வைக்காதே. வலது கையைத் தொட்டால் நான் அடுத்த வண்டியிலேயே கிளம்பி வருவேன்.

திட்டி முடித்துவிட்டேன். இனி வேறு விஷயம்.

அந்த ஆறாவது கட்டம். அதைப் படித்ததும் கையிலிருந்த ஸ்பானர் நழுவிப் பேனல் மேல் விழப் பார்த்தது. சும்மா விட்டதோடு ஒப்பிடாவிட்டால் எந்தச் சோதனைக்கும் அர்த்தமில்லை. கல்லூரியில் எங்களுக்கு அதை மண்டையில் ஏற்ற ஒரு வருடம் ஆனது. இங்கே டிகிரி வாங்கியவர்களே அதை மறந்துவிட்டு ரிப்போர்ட் எழுதுகிறார்கள். நீ டவல் மடித்துக்கொண்டே அதைக் கண்டுபிடித்திருக்கிறாய். உன் கடிதத்தை இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அக்கா எந்த லேப்ல இருக்காங்க?" என்றான் ஒருவன். லாண்டரி என்றேன். நம்பவில்லை.

ஆறு கட்டத்துக்கும் நாள்வாரியாக எழுதி அனுப்பு. தேர்வுக்காக இல்லை. எனக்கு வேண்டும்.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள மிளகாய்க்கு,

வேலை கிடைத்துவிட்டது. மாடிக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இந்த அறைக்கு இரண்டு ஜன்னல்.

தேர்வில் டாக்டரே வெயிலில் வெந்த விருந்தினராக நடித்தார். ஜன்னலோரம் வெயில் விழும் நாற்காலியில் உட்கார்ந்து, எரிகிறது, என்ன செய்யலாம் என்றார். எனக்கு முன்னால் போனவள் ஆலோ வெராவில் ஆரம்பித்து ஓட்மீல் வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தாளாம். எனக்கு அந்த வெயில்தான் கண்ணில் பட்டது. "ப்ளீஸ், ஷேட்" என்று அவர் நாற்காலியைப் பிடித்து உள்ளே இழுத்தேன். பிறகுதான் கையைக் காட்டி ஆறு கட்டத்தையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் கையையே ரொம்ப நேரம் பார்த்தார்.

ஷேட் என்றால் நிழல்; அந்தச் சொல் உன் நாற்பதில் இல்லை. நீச்சல்குளத்துக் குடைத்துணி வரும் மூட்டையில் எழுதியிருக்கும். எட்டு வருடம் துவைத்திருக்கிறேன்.

உன் பட்டியலில் அது ஏன் இல்லை என்று யோசித்தேன். நாலாம் நாள் அரிப்பு வந்தபோதே எனக்குச் சந்தேகம். பட்டவனுக்குத்தான் அது தெரியும். அப்புறம் தாடைக்குக் கீழே. தலைக்கு மேல் இருக்கும் வெயில் அங்கே எப்படிப் படும்? மாடியில் வெள்ளை டவல் விரித்த நாளில் எனக்கு முகத்துக்கு அடியிலிருந்து கண் கூசியது நினைவு வந்தது. உனக்கும் வெயில் கீழேயிருந்துதான் அடிக்கிறது, பேனல் கண்ணாடியிலிருந்து. ஏசி அறைக்குள் ஸ்பானரும் பேனலும் எப்படிடா வந்தன?

அது எனக்கான பட்டியல் இல்லை, உன் உடம்பு. இப்போது முதலுதவி அறையிலிருந்து கேட்கிறேன், ஒழுங்காகப் பதில் சொல்: டெண்டரா? ஸ்டிங்கிங்கா? எத்தனை நாளாக? நிழலுக்கு வர உனக்கு என்ன கேடு?

அன்புடன்,
அக்கா


மே 5

அக்கா,

ஏசி அறை பொய். ஆரம்பத்திலிருந்தே வெளியேதான். ஒவ்வொரு பேனலாக அளக்கிற வேலை. சொல்லியிருந்தால் நீ நீராவிக்குள் நின்றுகொண்டு என் வெயிலுக்காக அழுதிருப்பாய். அதனால் மறைத்தேன், சரியாக மறைக்கத் தெரியவில்லை. இங்கே சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கண்ணாடி. அதன் வெளிச்சத்தை அளக்கத்தான் எனக்குச் சம்பளம். அந்த வெளிச்சம் என் தாடையைச் சுடுவதை ஜன்னலில்லாத அறையிலிருந்து நீ பார்த்திருக்கிறாய்.

மேனேஜரிடம் போய், அளக்கிற மேஜைக்கு மேலே கூரை வேண்டும் என்றேன். "இத்தனை நாளா யாருமே கேக்கலையேப்பா" என்றார். எனக்கே வெட்கமாகிவிட்டது. மறுநாளே தார்ப்பாய் கட்டினார்கள்.

உன் கேள்விகளுக்குப் பதில்: மூன்று மாதமாக. டெண்டர், இப்போது இல்லை. ஸ்டிங்கிங், இல்லை. இட்சிங், கொஞ்சம். தாடைக்குக் கீழே கோல்ட் டீ போடுகிறேன், நீ அனுப்பிய நாள்வாரிக் கணக்கில் முதலில் தணிந்தது அந்தக் கட்டம்தானே?

உன் கடிதத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட இருமலில் கோணவில்லை.

நாற்பத்தோராவது சொல்லுக்கு அடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

தம்பி