அப்பாவுக்குச் சொன்ன கடைசிக் காட்சி

அக்டோபர் 5, 1998, திங்கள்
ஈஸ்ட் பிரன்ஸ்விக்

அப்பாவின் ஸ்கேன் ரிசல்ட் வந்துவிட்டது. பாளையங்கோட்டையிலிருந்து இங்கே என் வீட்டுக்கு வந்து நாலு மாசம், இங்கிலீஷ் தெரியாது. டாக்டர் பேசுவதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும். பத்து நிமிஷம் பேசினார். கணையத்தில் கேன்சர். ஈரலுக்கும் பரவிவிட்டது. ஆபரேஷன் பண்ண முடியாது.

அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, என்ன சொல்லுதாரு?"

"வயித்துல புண்ணாம்ப்பா. மாத்திரை சாப்பிட்டா ஆறிரும்."

எப்படித்தான் வாயில் வந்ததோ! டாக்டர் வேறு அப்பா தோளைத் தட்டிக்கொடுத்தார்.

அக்டோபர் 6

என் வீட்டுக்காரர் கிருபை பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். "அவர் உடம்பு ஜூடித், அவர்கிட்ட சொல்லு." ரொம்ப லேசு பாருங்கள்! அவருடைய அப்பாவாக இருந்தால் சொல்லிக் கிழித்திருப்பார்.

அக்டோபர் 8

இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 10, சனி

அப்பாவுக்குச் சண்டைப் படம் என்றால் உயிர். லைப்ரரியில் பழைய ஜப்பான் படம் ஒன்று கிடைத்தது. கறுப்பு வெள்ளை, கூலிக்குக் கொலை செய்கிறவன் கதை. கீழே ஓடிய இங்கிலீஷை நான் தமிழில் சொல்லச் சொல்ல, "அடி சக்கை!" என்று அப்பா தொடையைத் தட்டிக்கொண்டார். எத்தனை நாளாயிற்று இப்படிப் பார்த்து.

கடைசியில் அவனை ஏவிவிட்டவனே அவனைச் சுட்டுவிடுகிறான். துறைமுகத்தில் மல்லாந்து கிடக்கிறான். பக்கத்தில் அவன் காதலி. 'நான் வரமாட்டேன், நீ போ' என்று அவன் அவளிடம் சொல்வதாக எழுத்து ஓடியது.

"முன்னால போ, பின்னாலயே வாரேன்னு சொல்லுதான்ப்பா."

அப்பா திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவு ரத்தம் போவுது. வாரேன்னா சொல்லுதான்?"

நான் டிவியை அணைத்தேன்.

"அன்னைக்கு டாக்டர் அம்புட்டு நேரம் பேசினாரு. நீ ரெண்டு வார்த்தைல முடிச்சிட்ட. உங்கம்மைக்கு நோவு வந்தப்ப நானும் அவகிட்ட இப்படித்தான்ட்டி முடிச்சேன்."

ஐயோ, ஆண்டவரே— நான் என்ன செய்ய? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வேறென்ன தெரியும் எனக்கு?

அக்டோபர் 15, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அப்பா காரிலேயே சொல்லிவிட்டார். "அவர் சொல்லுதத அப்படியே சொல்லணும். ஒண்ணும் முழுங்கக்கூடாது."

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும், "எவ்வளவு நாள்னு கேளு" என்றார். கேட்டேன். வந்த பதிலை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"ரெண்டு மாசம்ப்பா. மிஞ்சிப் போனா மூணு."

அப்பா தலையாட்டினார். என் பக்கம் திரும்பவில்லை. டாக்டரைப் பார்த்து அவரே, "தேங்க்யூ டாக்டர்" என்றார்.