குதிரைவால் நரம்பும் மாப்பிள்ளையின் காலும்

லின்ஃபீல்ட், ஆக்லாந்து
ஆடி மாதம், ஞாயிறு, வெளியே மழை

அன்பு மகன் பிரணவனுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், உன் சுகத்தையும் கேட்டு எழுதுவதுதான் முறை, ஆனால் நான் கேட்கப்போவதில்லை. தாலின் நகரத்தில் ஏதோ ஒரு பாலத்தில் நீ வாயெல்லாம் பல்லாக நிற்கிற படத்தை மீனாட்சி மாமி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டா, அதில் உன் சுகம் வடிவாகத் தெரிகிறது. முருகன் உன்னை அப்படியே வைத்திருக்கட்டும். இதைக் கடதாசியில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. கைபேசியில் எழுதினால் நீ ஒரு சிரிக்கிற மஞ்சள் முகத்தை அனுப்பிவிட்டுப் போய்விடுவாய். வாயால் கதைத்தால் என் குரல் உயர உயர அம்மா போனைப் பறித்து, சாப்பிட்டியா ராசா, அங்க குளிரோ என்று தொடங்கிவிடுவா. கடிதத்தை யாரும் பறிக்க ஏலாது. ஆகையால் ஒரு கதிரையில் இருந்து முழுக்க வாசி. எனக்குச் சரியான கோபம்.

நீ அனுப்பின பெட்டியில் இருந்தே வருகிறேன். அக்காவின் கலியாணத்துக்கு இதை நானே என் கையால் செதுக்கினேன் அப்பா, அவளுக்கென்று கட்டின பாட்டையும் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன், நான் வந்து வாசிப்பேன், அதுவரைக்கும் சுருதி சேர்த்துத் தினமும் வாசித்துப் பழக்கி வையுங்கோ, புது நரம்பு இழுபட்டு நிலைக்கக் கனநாள் எடுக்கும் என்றாய். தல்ஹார்ப்பா என்று பெயரும் சொன்னாய். பாண் ரொட்டி போட்டு வைக்கிற பெட்டிக்கு மேல் பக்கத்தில் ஒரு ஜன்னல் வெட்டினது போல ஒரு சாமான், நாலு நரம்பு, ஒரு வில், நரம்பும் வில்லும் குதிரைவால் முடி. மகனே, ஒரு மாங்கொட்டையை உள்ளே விடாத நாடு இது, நீ குதிரையின் வாலைத் தபாலில் போடுகிறாய். சுங்கத்தில் முடி முழுவதையும் வழித்தெடுத்துவிட்டு மரத்தை மட்டும் அனுப்பினார்கள். நேர்த்திக்கு மொட்டை போட்ட பிள்ளை மாதிரி வாசலில் வந்து நின்றது. உனக்குச் சொன்னபோது நீ என்ன சொன்னாய்? அங்கேயே ஒரு குதிரையைப் பிடியுங்கோ அப்பா, ஆண் குதிரையாய்ப் பாருங்கோ, பெண் குதிரை தன் வாலிலேயே மூத்திரம் பட விட்டுவிடும், முடி கெட்டுப்போகும் என்றாய். நான் ஹென்டர்சனில் ஒரு கண்ணாடிக்கடையின் பின்னறையில் இருந்து மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி பூட்டுகிறவன். எனக்கு எந்தக் குதிரையைத் தெரியும்?

தெரிந்த ஒரே குதிரை சம்பந்தியுடையது. ஹரி பிரசாத் குமியூவில் ஓட்டத்தில் இருந்து நிறுத்தின இரண்டு குதிரைகளை வைத்துப் பார்க்கிறார் என்பது உனக்கும் தெரியும். பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளையின் தகப்பனுக்குப் போன் எடுத்து, சம்பந்தி, ஒன்று கேட்க வேண்டும், எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்று இழுத்தால் அந்த மனிசன் என்ன நினைப்பார்? அவருடைய மனிசி பிரேம்வதி அம்மா போனை வாங்கி, பொண்ணு மனசு மாத்திக்கிச்சா என்று அழுகிற குரலில் கேட்டா. விஷயத்தைச் சொன்ன பிறகு ஹரி பிரசாத் தன்னுடைய பிஜித் தமிழில், பொண்ணு வீட்டுக்காரங்க குதிரை கேட்டாக் குடுக்கலாம் சம்பந்தி, வால் மட்டும் கேட்டா எப்படி என்று சிரித்த சிரிப்பு இன்றைக்கும் நிற்கவில்லை. அந்தக் குடும்பத்தில் எனக்கு இப்போது குதிரைவால் சம்பந்தி என்று பெயர். உனக்காக நான் வாங்கின பட்டம், மடையா.

முடி வந்தது. நீ சொன்னபடி கழுவி, வெயில் இல்லாததால் குசினி மேசையில் காயவிட்டு, வேலைக்குப் போய்விட்டேன். வந்து கற்றையாய்ப் பிரித்து, தலைப்பில் முடிச்சுப் போட்டு, மெல்லிய நரம்புக்குக் கொஞ்சம், தடித்த நரம்புக்குக் கனக்க என்று முறுக்கிக் கட்டி, மிச்சத்தை வில்லில் ஏற்றி, முதுகு ஒடிந்து நிமிர்ந்து, இழுத்தேன். சத்தமே இல்லை. வழுவழுவென்று வில் போய்விட்டு வருகிறது, ஐஸில் சறுக்குகிற பிள்ளை மாதிரி. வில் வழுக்காமல் இருக்கக் குங்கிலியக் கட்டியைத் தேய்த்தேன், அது கூழாய் ஒட்டிக்கொண்டது, சத்தம் மட்டும் இல்லை. மரத்தில் பிழை, மகன் செதுக்கத் தெரியாமல் செதுக்கிவிட்டான் என்று அம்மாவுக்குச் சொன்னேன். நான் அப்படிச் சொன்னால் அவ சும்மா விடுகிற ஆள் இல்லையே, அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. சந்தேகத்தில் வில்லை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். உன் அம்மாவின் தலைமயிர் வாசம். கேட்டால், முடி வறண்டு செம்பட்டையாய்க் கிடந்தது, பார்க்கப் பாவமாய் இருந்தது, அதுதான் தேங்காயெண்ணெய் வைச்சனான் என்கிறா. ஒரு முழுப் பகல் ஊற வைத்துச் சீப்பால் வாரியும் விட்டிருக்கிறா! பின்னிப் பூ வைக்காததுதான் குறை. எல்லாவற்றையும் அவிழ்த்து, கோப்பை கழுவுகிற சவர்க்காரத்தில் திரும்பத் திரும்பக் கழுவி, காயவிட்டு, மறுபடியும் கட்டினேன்.

சுருதி சேர்ப்பது அடுத்த கூத்து. அம்மா தேவாரம் பாட வைத்திருக்கிற சுருதிப்பெட்டியைப் போட்டு, அதன் ச-வுக்கும் ப-வுக்கும் முளைகளைத் திருப்பித் திருப்பி நரம்பை ஏற்றுவேன். சேர்ந்தது என்று மூச்சு விட்டால் வெளியே ஒரு மழை பெய்யும், நரம்பு ஈரத்தைக் குடித்துத் தொய்ந்துபோகும். ஆக்லாந்தில் மழை பெய்யாத நாள் எது? கடைசியில் சுடுதண்ணித் தாங்கி இருக்கிற அலுமாரிக்குள் துவாய்களுக்கும் அம்மாவின் மோர் மிளகாய்க்கும் நடுவில் நிறுத்தி வைத்தேன். இப்போது சுருதி நிற்கிறது, துவாயில்தான் மிளகாய் மணம். வாசிக்கிறதோ, இருந்துகொண்டு தொடையில் சாய்த்து, இடக்கையை ஜன்னலுக்குள்ளால் விட்டு, விரலின் முன்பக்கத்தால் இல்லை, பின்பக்கத்தால், நகமும் விரல் மூட்டும் படுகிற இடத்தால் நரம்பைத் தொட வேண்டுமாம். உன் தலையில் குட்டிப் பழகின கை ஆனபடியால் எனக்கு அது சீக்கிரம் வந்துவிட்டது. இப்போது நினைத்தால் இன்னும் கொஞ்சம் பழகியிருக்கலாம். பக்கத்து வீட்டு மனிசன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கதவைத் தட்டி, வீடு சூடாக்குகிற உங்கள் ஹீட் பம்ப் சாகக் கிடக்கிறது, எனக்குத் தெரிந்த நல்ல பெடியன் ஒருவன் இருக்கிறான், திருத்தித் தருவான் என்று நம்பரும் எழுதித் தந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் நான் விடவில்லை. வேலையால் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு ஒவ்வொரு நாளும் இழுத்தேன். ஒரு நாள் இரண்டு நரம்பு ஒன்றாய்ச் சேர்ந்து, கரகரத்த குரலில், ஒரு வயதுபோன ஆள் மெதுவாய்ப் பாடுகிறது போல ஒரு சத்தம் வந்தது பார், நான் வில்லை எடுக்கவே இல்லை. நீ எதற்காகப் பொறியியலை விட்டுவிட்டு இதைப் படிக்க ஓடினாய் என்று அன்றைக்குக் கொஞ்சம் விளங்கினது. முழுக்க இல்லை. கோயிலில் கேட்கிறவர்களுக்கு இப்பவும் மகன் ஐரோப்பாவில் மர ஆராய்ச்சி என்றுதான் சொல்லுகிறேன்.

இவ்வளவும் செய்து வைத்திருக்கிற வேளையில்தான் வெள்ளிக்கிழமை நீ குடும்பக் குழுவில் எழுதினாய். மீனாட்சி மாமியின் காலை வணக்கப் பூவுக்கும் நல்லசாமி அண்ணரின் முழங்கால் எக்ஸ்ரேக்கும் நடுவில். ஸொறி எல்லாருக்கும், வாத்தியாரின் பாட்டுக்குழு பின்லாந்துக்குக் கச்சேரிக்குப் போகுது, என்னையும் சேர்த்திருக்கினம், பெரிய சான்ஸ், அக்கான்ர கலியாணத்துக்கு வர ஏலாது, பாட்டைப் பதிஞ்சு அனுப்புறன் ஸ்பீக்கரில போடுங்கோ, கால் கழுவ யசீகரன் இருக்கிறான்தானே என்று. மாமி உடனே பெருவிரலைத் தூக்கிக் காட்டினா. அவ நல்லசாமி அண்ணரின் முழங்காலுக்கும் அதே பெருவிரலைத்தான் தூக்கினவ.

உன் அக்கா அபிதா அப்போதுதான் ஆல்பனியில் வேலை முடிந்து வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தாள். வாசித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். கறி விட்டாள், முழுக்கச் சாப்பிட்டாள், கோப்பையைக் கழுவி வைத்தாள். அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது. பிறகு, அப்பா, யசீகரன் செம்பைத் தொட்டால் நான் காரை விட்டு இறங்க மாட்டன் என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். யசீகரன் நல்ல பிள்ளைதான், உன் பெரியப்பாவின் மகன்தான், கூப்பிட்டால் ஓடிவருவான். ஆனால் மாப்பிள்ளை மண்டப வாசலில் வந்து நிற்க, செம்பும் தண்ணியுமாய்ப் போய்க் காலைக் கழுவி, அவன் போடுகிற மோதிரத்தை விரலில் வாங்கி, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருகிறது பெண்ணின் கூடப்பிறந்தவன். அவளுக்குக் கூடப்பிறந்தவன் ஒருவன்தான், அந்த எருமை நீ. நீ படிப்பை விட்டுவிட்டுப் போகிறேன் என்று நின்றபோது இந்த வீட்டில் உனக்காக என்னோடு சண்டை பிடித்தது யார்? அம்மாகூட இல்லை. அவள்தான். ஒரு மாதம் என்னோடு கதைக்காமல் இருந்தாள், உப்பு வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்லி என்னிடம் வாங்கினாள். அவளுக்கு நீ சொல்லுகிறாய், ஸ்பீக்கரில் போடுங்கோ என்று!

உனக்கு வருகிற சந்தர்ப்பத்தை நான் குறைவாய்ச் சொல்லவில்லை. போகத்தான் வேண்டும் என்றால் அவளைக் கூப்பிட்டு, அக்கா, எனக்கு இப்படி ஒன்று வந்திருக்கு, நான் என்ன செய்ய என்று கேட்டிருக்கலாம். போடா என்று அவளே சொல்லியிருப்பாள், சொல்லிவிட்டு எங்களுக்குத் தெரியாமல் அழுதிருப்பாள். நீ கேட்கவில்லை, அறிவித்தாய். அம்மா உனக்காக வழக்குப் பேசுகிறா, தம்பி சின்னப்பிள்ளை என்கிறா. சின்னப்பிள்ளைக்கு என்னைவிடப் பெரிய தாடி.

மாப்பிள்ளை க்ரிஷ்னீலுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். அவர்கள் வீட்டில் இந்த முறை இல்லை, ஆனாலும் அந்தப் பிள்ளை உன் மேசை லாச்சியில் கிடந்த பழைய மோதிரத்தை அளவுக்கு வாங்கிக்கொண்டுபோய் உனக்குப் புது மோதிரம் செய்து வைத்திருக்கிறான், அது உனக்குத் தெரியுமா? சொன்னவுடன் ஏதோ ஒரு வீட்டுக் குழாயைத் திருத்திக்கொண்டிருந்தவன் ஈரக் கையோடு நிமிர்ந்து, அந்த மோதிரம் யசீகரனுக்குப் பத்தாது அங்கிள் என்றான். பிறகு யோசித்து, அபிதா இறங்க மாட்டாள் என்றால் நானும் உள்ளே வரமாட்டேன், வாசலில் நிற்கிறேன் என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குழாய்க்காரப் பிள்ளைகளுக்குத் தண்ணி வரும்வரை நிற்கத் தெரியும்.

ஆகவே நான் முடிவு செய்துவிட்டேன், அம்மாவுக்கும் ஐயருக்கும் சொல்லியாயிற்று. உன் பதிவு எந்த ஸ்பீக்கரிலும் ஒலிக்காது. ஆவணியில், முகூர்த்தத்தன்று காலை, மாப்பிள்ளை மண்டப வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்பான். பெண் காருக்குள் இருப்பாள். செம்பில் தண்ணி இருக்கும், எடுக்க ஆள் இராது. நான் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு, நீ செதுக்கின சாமானைத் தொடையில் வைத்து, நீ அக்காவுக்கென்று கட்டின பாட்டை வாசிப்பேன். முழுப் பாட்டு இல்லை. எனக்கு முதல் அடி மட்டும்தான் வரும். மிச்சத்தைப் படிக்க ஏலும், படிக்க மாட்டேன். அந்த ஒரு அடியையே திருப்பித் திருப்பி, வந்த சனம் எல்லாம் கேட்க, நீ வந்து செம்பை எடுக்கும்வரை இழுப்பேன். ஐயர் தனக்கு மத்தியானம் வேறு கலியாணம் இருக்கிறது என்கிறார். அதைப் பிரணவனுக்குச் சொல்லுங்கோ என்றேன். உங்கள் இரண்டு பேருக்கும் விசர் என்கிறா அம்மா, அதுவும் சரிதான், ஆனால் கலியாணச் சேலைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்தபோது உன் வேட்டிக்கும் கரை அடிக்கக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறா.

கோபத்தில் எழுதினாலும் பெற்றவன் ஆசீர்வாதம் குறையாது. நல்லாய் இரு, கையில் உளி பிடிக்கும்போது கவனம், நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்றை மட்டும் மறக்காதே. வருகிறாய் என்றாலும் வரவில்லை என்றாலும் குழுவில் எழுதாதே, எனக்கும் எழுதாதே. அக்காவைக் கூப்பிடு. அவள் எடுக்க மாட்டாள். திரும்பக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற பாவத்துக்கு வில் பிடிக்கிற
அப்பா தவராசா