மோரில் கரைத்த மாத்திரை

ஜூன் 3, செவ்வாய்

இவருடைய ஸ்கேன் வந்தது. மூளையில் இரண்டு இடத்தில் பழைய ஸ்ட்ரோக்கின் வடுவாம். கை விழவில்லை, வாய் கோணவில்லை, வந்ததே தெரியவில்லை. கல்யாணமானதிலிருந்து இந்த மனுஷன் சத்தம் போடாமல் செய்த ஒரே காரியம் இதுதான்.

அடுத்தது வந்தால் இப்படிச் சும்மா போகாது, ரத்தம் உறையாமலிருக்க தினம் ஒரு மாத்திரை, விடவே கூடாது என்றார் டாக்டர்.

ஜூன் 5

"மாத்திரை கீத்திரை நக்கோ, வேண்டவே வேண்டாம்!" அட்டையைக் குப்பையில் போட்டார். மாடிவீட்டு அம்பி சொன்னானாம், பச்சைப் பூண்டு தின்றால் போதுமென்று. எங்கள் ஏ.எஸ்.ராவ் நகருக்கே அவன்தான் வைத்தியன் — வாட்ஸ்அப்பில் படித்தவன். என் சமையலறையில் பூண்டு நுழையாது என்றேன்.

"அம்பி ஆத்துல போய்த் தின்னுட்டு வரேன், போடி!"

ராடாருக்குப் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்து ரிடையர் ஆன மூளை இவருக்கு!

ஜூன் 6

அட்டையைக் குப்பையிலிருந்து எடுத்துவிட்டேன். ஒன்றைப் பொடித்து மத்தியான மோரில் கரைத்தேன்.

"மோர் கசக்கறதே?"

"உங்க நாக்கு அப்படி."

ஜூன் 14

ஷேவ் செய்த இடத்தில் ரத்தம் நிற்கவேயில்லை. "பாத்தியா, பூண்டு வேலை செய்யறது!" அசடு. வேலை செய்வது என் மோர்.

ஜூன் 21

முழங்கையில் நீலம் பாரித்திருக்கிறது. எங்கே இடித்துக்கொண்டீர்கள் என்றால், "உனக்கெதுக்கு?" திமிர்.

ஜூன் 26

மூக்கிலிருந்து ரத்தம். நிற்கவேயில்லை. துண்டெல்லாம் சிவப்பு — பெருமாளே, இவருக்கு ஒண்ணுன்னா நான் என்ன பண்ணுவேன்? ஆட்டோவில் அம்பியும் வந்தான்.

மாத்திரை எத்தனை என்று கேட்டார் டாக்டர். தினம் ஒன்று, இவருக்குத் தெரியாமல் மோரில் என்றேன்.

"மோர்லயா?" அம்பி இவரைக் காட்டினான். "மன்னி, இந்தச் சீனு தினம் எங்காத்துக்கு வந்து ஒண்ணு போட்டுக்கறானே! தானே கடையில வாங்கி வச்சிருக்கான்."

"அப்போ பூண்டு?"

"பூண்டாவது! உங்ககிட்ட தோத்துப்போன மாதிரி ஆயிடும், சொல்லாதேன்னான்."

இவர் மூக்கைப் பிடித்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஜூன் 29

ரத்தம் நின்றுவிட்டது. இனி தினம் மாத்திரை ஒன்றே ஒன்றுதான்.

ரசத்தில் பெருங்காயம் குறைந்தால் ஹாலிலிருந்தே கண்டுபிடிக்கிற மூக்கு எனக்கு. தினமும் பச்சைப் பூண்டு தின்கிறாராம், ஒரு நாளாவது நாற்றம் வந்ததா? பக்கத்தில் போயிருந்தால்தானே தெரியும். அவர் அசடு என்றால் நான் வடிகட்டின அசடு.

ஜூலை 2

காலையில் என் எதிரிலேயே விழுங்கினார். முழுங்கியாச்சு பார் என்று வாயை ஆவென்று திறந்து காட்டினார். "இங்கேர்ந்தே தெரியறது" என்று சொல்ல வந்தவள், கிட்டே போய்ப் பார்த்தேன்.