வியாழக்கிழமைகள் எந்த மாநிலம்?

டுவெயின்,

எனக்குக் காலை ஷிப்ட், உன்னை எழுப்பவில்லை. பீன்ஸ் சில்லிக் குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மூடி போட்டுச் சூடாக்கு, போன தடவை அடுப்பெல்லாம் தெறித்துக் கிடந்தது.

வரிப் படிவம் எழுதித்தரும் பெவர்லி மாலை ஆறு மணிக்கு வருகிறாள். "மிசௌரிக்கு முதல்ல, கான்சஸுக்கு அப்புறம். மாத்திப் போட்டா ரெண்டு பக்கமும் கட்டி அழணும்" என்று போன வருஷமே கத்தினாள். எந்த மாநிலத்துக்கு எவ்வளவு வரி என்று பிரிக்க, நீ மிசௌரி ஆபீசில் எத்தனை நாள், இங்கே கான்சஸ் வீட்டிலிருந்து எத்தனை நாள் வேலை பார்த்தாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

நேற்று எண்ணினேன். "ஆபீஸ் போறேன் மார்லா" என்று நீ கிளம்பிய நாட்களையெல்லாம் காலண்டரில் சுழித்து வைத்திருக்கிறேன். எண்பத்தெட்டு. நீ ஆபீஸ் வந்த நாட்கள் என்று உன் கம்பெனி அனுப்பிய தேதிப் பட்டியலில் எழுபத்தைந்துதான். மறுபடி எண்ணினேன். மிச்சம் பதின்மூன்றும் வியாழக்கிழமை. பதின்மூன்று நாளும் சாப்பாடு கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

படிவத்தில் இரண்டு மாநிலத்துக்குத்தான் இடம் இருக்கிறது. அந்த நாட்களை எதில் போடுவது என்று பெவர்லியிடம் நீயே சொல்.

மார்லா

கராஜ் சாவி ஆணியில்.

இன்றும் வியாழன்தான். சாப்பாடு கட்டவில்லை. போகிற இடத்திலேயே சாப்பிட்டுக்கொள்.