ஆறாவது விரல்

அப்பா,

இன்று காலை அம்மா முகத்தில் பூசும் தனக்காக் கட்டையைக் கல்லில் இழைத்துக்கொண்டிருந்தார். அந்த ஈரமரத்தின் மணம் வந்ததும் உங்கள் முகம்தான் எனக்குத் தெரிந்தது. மற்றவர்கள் கன்னத்தில் மெல்லியதாகப் பூசுவார்கள். நீங்கள் நெற்றி முதல் கழுத்து வரை அப்பிக்கொண்டுதான் சாரம் ஏறுவீர்கள். பபேடான் கோயில் மண்டபக் கூரையிலிருந்து சொட்டும் பெயிண்ட், சாயங்காலம் தனக்காவோடு உரிந்து வந்துவிடும்.

விடுமுறையில் நானும் உங்களோடு டாலாவிலிருந்து படகில் ஆற்றைக் கடந்து கோயிலுக்கு வருவேன். பள்ளி நூலகத்திலிருந்து எடுத்த பர்மியப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். ஐந்நூறு வருடங்களுக்கு முன் இத்தாலியில் ஓர் ஓவியர் வருடக்கணக்கில் அண்ணாந்து நின்று தேவாலயக் கூரையில் வரைந்தாராம். சாயம் முகத்தில் ஒழுகி, கழுத்து திரும்பாமல் போய், தன் வேலையையே நொந்துகொண்டாராம். "தனக்கா பூசத் தெரியல போல" என்று சிரித்தீர்கள். பிறகு கேட்டீர்கள்: "அந்தாளுக்குக் கீழ நின்னு பாத்துச் சொன்னது யாரு?"

புத்தகத்தில் அது இல்லை.

உங்களுக்கு நான் பார்த்தேன். சாரத்தில் நிற்பவருக்குக் கை எட்டும் தூரம்தான் தெரியும். நீளமென்றால் வலக்கை, கோணலென்றால் இடக்கை தூக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. "நம்ம தப்பு நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியணும்" என்பீர்கள்.

கும்பாபிஷேகத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது கோயில் தலைவர் நாலு பேரோடு வேலையைப் பார்க்க வந்தார். கூரையில் அம்மனின் பழைய ஓவியத்தில் இருந்த விரல் ஒன்று புதுப் பூச்சின் அடியில் தெரிய, அதையும் சேர்த்து வண்ணம் தீட்டிவிட்டிருந்தீர்கள். எனக்குக் கெட்டிக்காரி என்று பேர் வாங்க ஆசை. "அம்மன் கையில ஆறு விரல் இருக்கு" என்று உரக்கச் சொன்னேன்.

தலைவர் என் தலையைத் தடவினார். "என்ன சயா, ஓவிய வாத்தியாரே, ஒங்க பொண்ணுக்கு எண்ணத் தெரியுது, ஒங்களுக்குத் தெரியலையே."

எல்லோரும் சிரித்தார்கள். விரலை மட்டும் மறைத்துவிடுகிறேன் என்று கெஞ்சினீர்கள். அபசகுனம் என்று முழு உருவத்தையும் சுரண்டச் சொன்னார். பத்து நாள் வேலை தூளாக உங்கள் முகத்தில் விழுந்ததை நான் கீழே நின்று பார்த்தேன்.

திரும்பும்போது படகில் புத்தகத்தைத் திறந்தேன்.

"மூடு. நாளையிலேர்ந்து நீ வர வேணாம். நானே எறங்கிப் பாத்துக்கிறேன்."

அதன்பின் ஒவ்வொரு கோட்டுக்கும் மூங்கில் ஏணியில் இறங்கி, நான் நின்ற இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறினீர்கள் என்று கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா சொன்னார். ஒன்பதாம் நாள் மத்தியானம், அப்படி இறங்கும்போதுதான் கால் வழுக்கியது.

தலைவர் மாலையோடு வீட்டுக்கு வந்தார். "கெட்டிக்காரப் பொண்ணு, நல்லாப் படிக்கணும்" என்று மறுபடியும் என் தலையைத் தடவினார்.

மீதியை வேறொருவர் முடித்தார். வெள்ளிக்கிழமைகளில் மண்டபத்தின் நடுவே நின்று அண்ணாந்து பார்க்கிறேன். ஐந்து விரல்களும் சரியாக இருக்கின்றன. இடது காது ஜிமிக்கி மட்டும் கோணல். நான் யாரிடமும் சொல்வதில்லை. இடக்கையைத் தூக்கி, வலிக்கும் வரை அப்படியே நிற்கிறேன்.