கோடம்பாக்கம் பாலத்தில் நின்ற வண்டி

சிங்கப்பூர்
3 மார்ச் 2024

அன்பு மொழிக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வருமா தெரியவில்லை. கேட்கிறேன்.

கப்பலில் நெட் இருக்கிறது. ஆனால் போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீயும் எழுதி, பாரிமுனையில் எங்கள் கப்பல் கம்பெனி ஆபீசில் ஸ்ரீரங்கன் சாரிடம் கொடு. அடுத்த துறைமுகத்தில் ஏறுகிறவர் கொண்டுவந்து தருவார். உன் அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே நான் கப்பல் ஏறியது உனக்கு ஆறாது என்று தெரியும். எட்டு மாத கான்ட்ராக்ட், அக்டோபரில் முடிந்துவிடும்.

எஞ்சின் ரூமில் வேலை வழக்கம்போல. வெளியே கடல் இருப்பதே மறந்துவிடும் அளவுக்குச் சூடு.

ஒரு உதவி செய். கீழே ஷெட்டில் என் பைக் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் ஷோயப்பைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல். ஓட்ட வேண்டாம். யாரும் ஓட்ட வேண்டாம். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

உன்
மதிவாணன்


மந்தைவெளி
24 மார்ச் 2024

அன்புள்ள உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், லேப்புக்குப் போகிறேன். போதுமா.

ஷோயப்பைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "அக்கா, பத்து நிமிசம் சொம்மா ஓடவிட்டா பேட்டரி ஏறாது, இன்னும் எறங்கிடும். இது ஊர் ஊரா போற வண்டி. நின்னுகினே இருந்தா கெட்டுப்பூடும். ஓட்டணும்" என்றான்.

அதனால் ஓட்டுகிறேன்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். தம்பி மனைவி ஜானகிக்குக் கிண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. பெரும்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து சேர்வதற்குள் அவளுக்குப் பாதி உயிர் போகிறது. என் ஸ்கூட்டரை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். கல்யாணமான புதிதில் பெசன்ட் நகர் பீச் ரோட்டில் எனக்குக் கியர் வண்டி சொல்லிக் கொடுத்தீர்களே, கை கால் மறக்கவில்லை. கனம்தான் புதிது. சிக்னலில் நுனிக்காலில் நிற்கிறேன். முதல் வாரம் மந்தைவெளி மார்க்கெட் முனையில் ஒரு தரம் சாய்த்துவிட்டேன். இளநீர்க்காரரும் ஒரு ஆட்டோக்காரரும் தூக்கிவிட்டார்கள். "உனக்கு எதுக்கும்மா இந்த எருமை" என்று ஆட்டோக்காரர் கேட்டார். "எங்க வீட்டு எருமைங்க" என்றேன். இப்போது நானே தூக்குகிறேன். ஹேண்டிலைத் திருப்பி, முதுகை சீட்டில் கொடுத்து, காலால் உந்தினால் எழுந்துவிடுகிறது.

வேறு விசேஷம் இல்லை. நைனாவின் போட்டோவை ஹாலில் மாட்டியாயிற்று.

தமிழ்மொழி


டர்பன்
19 ஏப்ரல் 2024

அன்பு மொழிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். நீ அந்த வண்டியில் சர்தார் பட்டேல் சாலையில் போவதை நினைத்தால் இங்கே எனக்கு வேலை ஓடவில்லை. வேண்டாம் என்று சொன்னால் நீ கேட்கப் போவதில்லை. அதனால் இதையாவது கேள்.

செயினை ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் போடு. ஓடி வந்து செயின் சூடாக இருக்கும்போதே போடு. எஞ்சினை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் போட வேண்டும். எஞ்சின் ஓடும்போது செயின் பக்கம் விரல் போகவே கூடாது. நடுவில் பிடித்து ஆட்டினால் இரண்டு விரல் அகலம் ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் ஷோயப்பிடம் காட்டு. டயரில் காற்றைக் காலையில், வண்டி எடுப்பதற்கு முன்னால் பார். வெயிலில் ஓட்டிவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும். டிராஃபிக்கில் எஞ்சினைக் குளிர்விக்கும் விசிறி சத்தம் போடும், பயப்படாதே.

பெட்ரோலை நிரப்பாதே. பாதி டேங்க் போதும், எடை குறையும். தூரமாக எங்கும் போகாதே.

மாமா போட்டோ எது, அந்த நீலச் சட்டையா?

உன்
மதிவாணன்


மந்தைவெளி
26 மே 2024

அன்புள்ள உங்களுக்கு,

ஆமாம், நீலச் சட்டைதான்.

செயின் விஷயத்தில் நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். ஸ்கேல் வைத்து அளந்தேன், முப்பது மில்லிமீட்டர் ஆடுகிறது. ஷோயப் சரி என்றான். லேப்பில் ரத்தம் அளக்கிறவளுக்கு செயின் அளக்கத் தெரியாதா. கை நகத்தில் கறுப்பு போக மாட்டேன் என்கிறது. லேப்பில் கிளவுஸ் போடுவதால் யாருக்கும் தெரியாது.

பாதி டேங்க் மட்டும் நான் கேட்கவில்லை. ஷிஃப்ட் முடிந்து வரும்போது ஒவ்வொரு நாளும் பங்க்கில் வரிசையில் நிற்க முடியாது. நிரப்பிவிடுகிறேன்.

இப்போது எழுத நினைத்ததற்கு வருகிறேன். வண்டி நிற்கிறது. இந்த மாதம் மூன்று தடவை. முதலில் திணறுகிறது, இரண்டு தரம் இழுத்துப் பார்க்கிறது, பிறகு அணைந்துவிடுகிறது. கால் மணி நேரம் ஓரமாக நிறுத்தி வைத்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிறது. மூன்றாவது தடவை கிண்டி பாலத்தின் ஏற்றத்தில் நின்றது. பின்னால் பஸ். டிரைவர் திட்டியதை எழுத முடியாது.

அன்றைக்கு கோடம்பாக்கம் பாலத்தில் நின்றதும் இதே மாதிரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதே திணறல். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன், அது என் முதுகெலும்புக்கே ஞாபகம் இருக்கிறது. நீங்கள் எஞ்சின் சூடு என்றீர்கள், டிராஃபிக் என்றீர்கள். ஜனவரியில், காலை ஏழு மணிக்கு என்ன சூடு என்று நான் கேட்டேன். அதில்தானே நம் சண்டை ஆரம்பித்தது. இருபது நிமிடம் அங்கே நின்றோம், பிறகு வண்டியைப் பாலத்தடியில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தோம். வடபழனி ஆஸ்பத்திரிக்கு நாம் போய்ச் சேர்ந்தபோது நைனா போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. "பாப்பா வந்துச்சா" என்று இரண்டு தடவை கேட்டாராம். நர்ஸ் சொன்னாள்.

ஷோயப் பெட்ரோல் பம்ப்பாக இருக்கலாம் என்கிறான், ஆனால் நிச்சயமாகச் சொல்லவில்லை. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

தமிழ்மொழி


ஃபுஜைரா
22 ஜூன் 2024

மொழிக்கு,

பம்ப்தான். மாற்றச் சொல். மாற்றும்வரை வண்டியைத் தொடாதே, ஆட்டோவில் போ.

அன்றைக்கு நின்றதும் இதுவும் ஒன்று என்று நினைத்துக் குழம்பாதே. அந்த மாதம்தான் நான் வண்டி முழுவதையும் பார்த்திருந்தேன். என் கையால் பார்த்த வண்டியில் குறை இருக்காது.

இங்கே வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

மதிவாணன்


மந்தைவெளி
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள உங்களுக்கு,

பம்ப்பை மாற்றவில்லை. குறை என்னவென்று கண்டுபிடித்துவிட்டேன். முழுதாகப் படியுங்கள்.

லேப்பில் ஒரு ரிசல்ட் தப்பாக வந்தால் உடனே மெஷினை மாற்ற மாட்டோம். எப்போது தப்பு வருகிறது, எப்போது வரவில்லை என்று எழுதிப் பார்ப்போம். வண்டிக்கும் ஒரு நோட்டு போட்டேன். கிளம்பிய நேரம், வெயில், எத்தனை கிலோமீட்டரில் நின்றது, டேங்க்கில் எவ்வளவு பெட்ரோல். ஏழு தடவை நின்றதையும் எழுதிய பிறகு உட்கார்ந்து பார்த்தேன். வெயிலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மழையில்கூட நின்றிருக்கிறது. ஏழு தடவையும் டேங்க் நிரம்பியிருந்தது. பாதிக்குக் கீழே இருந்த நாளில் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

ஷோயப்பிடம் நோட்டைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான். "அக்கா, அடுத்த தபா நின்னா ஸ்டார்ட்டரை அமுக்காதே. ஓரமா எடுத்து வெச்சிட்டு டேங்க் மூடியத் தொற. இன்னா சத்தம் வருதுன்னு கேளு" என்றான்.

காந்தி மண்டபம் பக்கத்தில் நின்றது. மரத்தடிக்குத் தள்ளிப்போய் மூடியைத் திறந்தேன். உஸ் என்று நீளமாக ஒரு சத்தம். டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. மூடினேன். ஒரே அழுத்தில் ஸ்டார்ட் ஆனது. ரோட்டோரத்தில் நின்று நான் சிரித்ததை ஒரு போலீஸ்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்கு ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. அது அடைத்தால் டேங்க் பெட்ரோலை விடாமல் பிடித்துக்கொள்கிறது. நிரம்பிய டேங்க்கில் உள்ளே காற்றே கொஞ்சம்தான், அதனால் சீக்கிரம் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஷோயப் கடையில் இரண்டு பேருமாக டேங்க்கைத் தூக்கினோம். அந்தக் குழாய் டேங்க்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டி நசுங்கிக் கிடந்தது. மடிந்த இடம் வெள்ளையாக வெளுத்துப்போயிருந்தது. ஒரு ஜாண் குழாய் வாங்கி, மாற்றி, அதன் பாதையில் சரியாக விட்டோம். மூன்று வாரம் ஆகிறது, நிற்கவில்லை. டேங்க்கை நிரப்பிக்கொண்டு மாமல்லபுரம் போய்த் திரும்பினேன்.

அந்த டேங்க்கை ஷோயப் இதற்கு முன் தூக்கியதே இல்லையாம். கடைசியாகத் தூக்கியது நீங்கள்தான். ஜனவரி முதல் ஞாயிறு, ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தீர்கள். நான்தான் டார்ச் பிடித்தேன். சாப்பாடு ஆறுகிறது, சீக்கிரம் மாட்டுங்கள் என்று அவசரப்படுத்தினேன். அதற்குப் பிறகு பக்கத்தில்தான் ஓட்டினீர்கள். நைனாவுக்கு மோசம் என்று போன் வந்த காலையில் லஸ்ஸில் டேங்க்கை நிரப்பினோம். கோடம்பாக்கத்தில் நின்றோம்.

கை தவறுவது எல்லோருக்கும் நடக்கும். என் கையில் ஒரு தடவை இரண்டு பேருடைய சாம்பிள் மாறியிருக்கிறது. ஆனால் உங்கள் கையால் பார்த்த வண்டியில் குறை இருக்காது என்று எனக்கு எழுதினீர்களே, அதற்குப் பதில் வேண்டும்.

தமிழ்மொழி


மொம்பாசா
8 செப்டம்பர் 2024

மொழிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

எனக்குத் தெரியும். மாமாவை எடுத்த மறுநாள் காலை, பாலத்தடியில் விட்டிருந்த வண்டியை எடுக்கப் போனேன். பெட்ரோல் இருக்கிறதா பார்க்க மூடியைத் திறந்தேன். நீ கேட்ட அதே சத்தம், ரொம்பச் சன்னமாக. இருபது வருடம் எஞ்சினோடு வாழ்கிறவன், அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. டேங்க்கை வைக்கும்போது ஏதோ இடிக்கிறது என்று கைக்குத் தெரிந்தது. அழுத்தி வைத்தேன். மூடியை மூடிவிட்டு, வண்டியை ஷெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டேன். உன்னிடம் சூடு என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ நம்பவில்லை. நீ நம்பாததுதான் எனக்குக் கோபம் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

ஓட்டாதே என்றது வண்டிக்காக இல்லை. ஓட்டினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான். பாதி டேங்க் போதும் என்றது எடைக்காக இல்லை. பாலத்து ஏற்றத்தில் பஸ்ஸுக்கு முன்னால் நின்றாய் என்று எழுதினாயே, அதைப் படித்த பிறகும் பம்ப் என்று எழுதினேன். அந்த பஸ்காரன் பிரேக் பிடிக்காமல் போயிருந்தால்? ராத்திரி பகல் இல்லாமல் அது மட்டும்தான் மனதில் ஓடுகிறது. மாமா விஷயத்தில் நான் செய்தது தவறு. உன் விஷயத்தில் செய்தது அதைவிடப் பெரியது. அது தெரிந்தே செய்தது.

கப்பல் அக்டோபர் பன்னிரண்டாம் தேதி தூத்துக்குடிக்கு வருகிறது. அங்கேயே இறங்குகிறேன். ரயிலில் சென்னை வந்துவிடுவேன். மந்தைவெளிக்கு வரலாமா, இல்லை அண்ணன் வீட்டுக்குப் போகட்டுமா? நீ சொல்வதுதான்.

மதிவாணன்


தூத்துக்குடி, துறைமுக வாசல்
12 அக்டோபர் 2024, காலை பத்தரை

அன்புள்ள உங்களுக்கு,

இதைக் கப்பல் ஏஜென்ட் தனபாலன் சாரிடம் கொடுத்துவிடுகிறேன். நீங்கள் இறங்கியதும் கையில் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ரயிலுக்குப் போக வேண்டாம். நான் வாசலில்தான் இருக்கிறேன். வண்டியில் வந்தேன், தனியாக. நேற்று முன்தினம் கிளம்பி, திருச்சியில் ஷோயப்பின் அக்கா வஜீஹா வீட்டில் தங்கினேன். நேற்று மதுரை தாண்டி மழை. செயினை வழியிலேயே துடைத்து எண்ணெய் போட்டேன். அறுநூறு கிலோமீட்டரில் ஒரு இடத்திலும் வண்டி திணறவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்று அழுதேன். டேங்க்கை அவசரத்தில் வைத்ததை என்றோ மன்னித்துவிட்டேன், அதில் என் அவசரமும் இருக்கிறது. ஐந்து நிமிடம் தாமதம், பத்து நிமிடம் தாமதம் என்று உலகத்தில் எத்தனையோ பேருக்கு நடக்கிறது. ஆனால் தெரிந்துகொண்டே என்னைக் குறையுள்ள வண்டியில் போகவிட்டீர்கள். அது இன்னும் மன்னிக்கப்படவில்லை. எத்தனை நாளாகும் என்று எனக்கே தெரியாது. அது ஆகிற நாட்களில் நீங்கள் அண்ணன் வீட்டில் இருப்பது எனக்கு வேண்டாம். என் கண் முன்னால் இருங்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. வண்டியை என் பெயருக்கு மாற்ற வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் வாங்கிய படிவங்கள் பையில் இருக்கின்றன. நீங்கள் கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலில் புள்ளி வைத்திருக்கிறேன். இனிமேல் டேங்க்கைத் தூக்குவதாக இருந்தாலும் என்னைக் கேட்டுத்தான் தூக்க வேண்டும்.

வாசலுக்கு வலது பக்கம் ஒரு டீக்கடை இருக்கிறது. வண்டியை அங்கேதான் நிறுத்தியிருக்கிறேன். பெட்டியைத் தனபாலன் சார் லாரி சர்வீசில் அனுப்பிவிடுவார், ஒரு தோள்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தலை அளவுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கி வந்திருக்கிறேன்.

டீ சொல்லட்டுமா?

மொழி