பெட்டியில் சார்ஜர் இல்லை

அக்கா, நேற்று மகன் புது போன் வாங்கி வந்தான். பெட்டியைத் துழாவிப் பார்த்தேன், உள்ளே சார்ஜர் இல்லை. "இப்பல்லாம் தர்றதில்லம்மா," என்றான் சாதாரணமாக. சார்ஜர் கம்பெனியில் வேலை பார்க்கிறவளுக்கு அப்புறம் எப்படிச் சோறு இறங்கும்? நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. ஆனாலும் உன்னிடம்தான் சொல்லத் தோன்றியது.

2005 கோடையில் நாம் புதுச்சேரிப் பக்கம் கேசட் கம்பெனியில் இருந்தோம். வேனில் நான் மரக்காணத்தில் ஏறுவேன், நீ எக்கியார்குப்பத்தில். முதலில் ஓவர்டைம் நின்றது, பிறகு மாலை ஷிப்ட். செய்து முடித்த சரக்கை ஏற்ற லாரி வரவில்லை. ஏன் என்று கேட்காமல் வேலையைப் பார்த்தோம். வேன் ஜன்னலில் உப்பளம் தெரியும்போதெல்லாம் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கல்யாணத்துக்கு முன் அங்கே உப்பு வாரியவள் நான். பித்தவெடிப்பில் உப்புத் தண்ணீர் ஏறுகிற எரிச்சல் எனக்குத் தெரியும்.

அப்போது பார்த்து நீ எம்பி3 பிளேயர் வாங்கினாய். ஒரே சிடியில் நூறு பாட்டு என்று வேனில் நீ சொன்னதும் எனக்குக் கோபம் பொங்கியது.

"நம்ம சோத்துல நீயே மண்ணப் போடறியேக்கா!"

"நான் வாங்கலன்னா அது ஊருக்குள்ள வராதாடி? போட்டுக் கேட்டேன். நல்லாத்தான் இருக்குது, நாடா சிக்கல் கெடையாது. அதான்டி பயமா இருக்குது."

மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் சூப்பர்வைசரைக் கேட்டாய்: "சார், இனிமே கேசட்ட யாரு வாங்குவாங்க? அடுத்து என்ன செய்யப் போறோம், சொல்லுங்க."

"தீபாவளிக்கு ஆர்டர் வரும்மா," என்றார். நம் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அந்த வாரமே லீவு போட்டு, செல்போன் சார்ஜர் செய்கிற புதுக் கம்பெனிக்கு என்னை இழுத்துப் போனாய். வாசலில் நான் தயங்கினேன்.

"எனக்கு சால்டரிங் தெரியாதேக்கா."

"கேசட் வேலைய மட்டும் ஆத்தா வயித்துலயே கத்துக்கினு வந்தியா? வாடி."

என் மணிக்கட்டைப் பிடித்த உன் கை வேர்த்து நனைந்திருந்தது. உனக்கும் பயம் என்று அன்றுதான் தெரிந்தது.

இருவரையும் எடுத்துக்கொண்டார்கள். தீபாவளி கழிந்ததும் கேசட் கம்பெனிக்குப் பூட்டு விழுந்தது. அடுத்த கோடையில், நம்மோடு வேனில் வந்த இரண்டு பேரை உப்பளத்தில் பார்த்தோம். கை காட்டக் கூசியது.

இப்போது அந்த உப்பளம் திரும்பவும் கண்ணில் நிற்கிறது. ஆனால் பயந்துகொண்டே கேட்டுவிடுகிற பழக்கமும் உன்னிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது. அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று கேட்க, இன்று டீ நேரத்தில் மேனேஜர் அறைக்குப் போகப் போகிறேன். என் வரிசையில் வேலை செய்கிற பெண்களையும் கூப்பிட்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது என்கிறார்கள். எனக்கும்தான் என்று சொல்லியிருக்கிறேன்.